போறேன் என்று சொல்லக்கூடாது

பொருநை நெட்காரன் அனுப்பிய எச்சரிக்கை மத்தியானமே வந்துவிட்டது. பேச்சியம்மாள் அதைப் பார்த்தது சாயங்காலம்தான். அவள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. லேபுக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து, குடையை மடக்கிப் போட்டு, மகளுக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபிறகு எடுத்துப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் கிடக்கிறது.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்கள் வீட்டு வலையில் வீட்டைச் சேராத ஒருவர் தொடர்ந்து இருந்துவருகிறார். இன்று மாலை ஏழு மணிக்குள் அவரை நீக்காவிட்டால், பாதுகாப்பு கருதி உங்கள் வீட்டின் இணைப்பு முழுவதும் நிறுத்தப்படும்."

வீட்டைச் சேராத ஒருவராம். வேறு யார்? அந்த ஆளேதான்.

இணைப்பு நின்றுபோனால் சினிமா பார்க்கமுடியாது, அவ்வளவுதானே என்று நினைக்கிற காலம் போயே போய்விட்டது. முன்னே ரேஷன் கார்டில் பெயர் இருந்த மாதிரி இப்போது ஏதாவது ஒரு வீட்டு வலையில் பெயர் இருந்தாகவேண்டும். பள்ளிக்கூடத்து கேட் அதைப் பார்த்துத்தான் திறக்கும். ஆஸ்பத்திரியில் டோக்கன், பஸ்ஸில் இடம், செல்போனுக்கு உயிர், எல்லாம் அதிலிருந்துதான். தெருவிளக்குகூட வீட்டுப் பெயர் உள்ள ஆள் கிட்டே வந்தால்தான் நன்றாக எரியும். மற்றபடி மினுக்கென்று தூங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வீடு வாசல்கதவின் தலைமேட்டில் ஒரு வெள்ளை டப்பா. கம்பெனி அதற்கு 'வாசல்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது, ஊரில் எல்லோரும் டப்பா என்றார்கள். கதவுப் பூட்டு, விளக்கு, ஏசி எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். அது வீட்டு ஆட்களின் பேச்சைக் கேட்கும். "நீங்கள் ஒன்றும் எழுதவேண்டாம், பதியவேண்டாம். நீங்கள் பேசுவதை வைத்தே வாசல் புரிந்துகொள்ளும்" என்று விளம்பரத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டே சொல்லுவாள். புரிந்துகொண்ட லட்சணத்தைத்தான் பார்க்கப்போகிறோமே.

அந்த வீட்டு டப்பாவில் முதலில் பதிந்தது மூன்று பெயர்கள். அவள், மகள் நறுமுகை, அப்புறம் அவள் புருஷன் இசக்கிராஜ்.

இசக்கிராஜைத் தெருவில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்லுவார்கள். வெளியே அவ்வளவு தன்மை. வீட்டுக்குள் அவனுக்கு எல்லாமே தெரிந்தாகவேண்டும். அவள் எங்கே போனாலும் அவன் செல்போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிவாள். கட்டின பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் புள்ளியை அவன் பார்த்ததுதான் அதிகம். புள்ளி ஐந்து நிமிஷம் எங்காவது கூடுதலாக நின்றால் ராத்திரி அடி விழும். ஒருதடவை இடது மணிக்கட்டை முறித்தான். அன்றைக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்று கத்தின கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கேட் வரைக்கும் போனவள், பிள்ளை உள்ளே தூங்குகிறாளே என்று திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் பிள்ளைமேலும் கையை ஓங்கினான். ஒரே தடவைதான். அந்த ஒரு தடவைக்காகத்தான் அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

கோர்ட் அவனை அந்தத் தெருப்பக்கமே வரக்கூடாது என்றது. பெண் போலீஸ் ஒருத்தி கூட நிற்க, அவன் அமைதியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டான். ஷூ லேஸை நிதானமாகக் கட்டினான். வாசல்படியில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "சரி, போயிட்டு வாரேன்" என்றான். விருந்துக்கு வந்தவன் விடைபெறுகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறமும் அவன் முழுசாகப் போனதாக அவளுக்குத் தோன்றவில்லை. யாரும் போடாமல் ஏசி ஓடும். பிள்ளையின் டேப்லெட்டில் அவள் அழித்த படங்கள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். போன மாதம் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "ரசத்துல இன்னைக்கு மிளகு கூடிப்போச்சோ? முகி இருமுதா." அவள் அன்றைக்கு மிளகு ரசம்தான் வைத்திருந்தாள். போலீஸில் காட்டினால், அக்கறையாகத்தானே விசாரிக்கிறார் என்றார்கள்.

ஆக, எச்சரிக்கையைப் படித்தபோது அவளுக்குப் பயத்தோடு ஒரு சின்ன சந்தோஷமும் வந்ததை மறைக்கவேண்டியதில்லை. இத்தனை நாள் நான் சொன்னபோது எவனும் நம்பவில்லை. இப்போது கம்பெனிக்காரனே சொல்லுகிறான் பார், உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று. ஒரேயடியாகத் துரத்திவிடலாம்.

அந்த எண்ணை அமுக்கு, இந்த எண்ணை அமுக்கு என்று அலைக்கழித்து, பாட்டெல்லாம் போட்டுக்காட்டி, கடைசியில் ஒரு மனுஷக்குரல் கிடைத்தது.

"வணக்கம், பொருநை நெட். செல்வின் பேசுதேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். இளம்பயல் போலிருக்கிறது, பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, இப்ப எங்க நின்னு பேசுதீங்க?"

"ஹால்லதான் தம்பி."

"முதல்ல வெளிய வந்திருங்க. உள்ள பேசுறதெல்லாம் டப்பாவுக்குக் கேக்கும். வீட்டு ஆளா பதிஞ்ச யாரும் அதைத் திருப்பிப் போட்டுக் கேக்கலாம்."

அடப்பாவி! அப்படியென்றால் ரசம், இருமல், எல்லாம் அப்படித்தானா? நறுமுகை சாப்பாட்டு மேஜையில் இந்திய வரைபடத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசு, கலர் அடித்தால் கோட்டைத் தாண்டாது.

"முகி, அம்மா வெளிய நின்னு ஒரு போன் பேசிட்டு வாரேன்."

"ம்" என்றாள் நிமிராமல்.

வெளியே தூறல் விட்டிருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டுக் கொடுக்காப்புளி மரத்தடிக்கு வந்தாள்.

"இப்ப சொல்லுங்க தம்பி. யார் அது? பேர் காட்டுதா?"

"பேர் எங்களுக்குக் காட்டாதுக்கா. ஒருத்தர் வீட்டு விஷயம் இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாதுல்லா. 'பெரியவர் ஒருவர்'னு மட்டும் போட்டிருக்கு. பதிஞ்ச மூணு பேர்ல ஒருத்தர்தான். வீட்டை விட்டுப் போறேன்னு சொன்னவரு, ஆனா இன்னும் உள்ள புழங்கிட்டிருக்காரு."

"எங்க வீட்டுக்காரர்தான். கோர்ட்டு உத்தரவே இருக்கு, வேணும்னா அனுப்புதேன்."

"கோர்ட்டெல்லாம் டப்பாவுக்குத் தெரியாதுக்கா. அதுக்குப் பேச்சுதான். போன வாரம் மேல உள்ளவங்க புதுசா ஒண்ணு மாத்தியிருக்காங்க. பழைய பேச்சையெல்லாம் திருப்பிக் கேட்டு, யார் வீட்டு ஆள், யார் இல்லைன்னு அதுவே பிரிச்சிருது."

"எப்படிப் பிரிக்கும்?"

செல்வின் லேசாகச் சிரித்தான். "வாசல்படியில நின்னு கிளம்புறப்ப சொல்லுற வார்த்தையை வச்சு. நம்ம ஆளுக யாரும் போறேன்னு சொல்ல மாட்டோம்லா? அதை யாரோ போய் மேல சொல்லியிருக்காங்க. அவங்களும் அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. போயிட்டு வாரேன்னா வீட்டு ஆள். போறேன்னா போனவரு."

"நல்ல கூத்தா இருக்கே!"

"ஆமாக்கா, நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம். மணி ஏழாகப் போகுது, நீக்கிரட்டுமா? நீக்குறதுக்கு யார் வேணாலும் சம்மதம் சொல்லலாம். ஆனா திரும்பச் சேக்கணும்னா பதிஞ்ச பெரியவர் ஒருத்தர்தான் வந்து சேக்கணும். யோசிச்சுக்கோங்க."

யோசிக்கிறதுக்கு என்ன இருக்கிறது? ஏழு மணிக்கு இணைப்பு போனால் நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதைவிட, இன்னும் ஒரு ராத்திரி அந்த ஆள் காது இந்த வீட்டுச் சுவரில் இருக்கக்கூடாது.

"நீக்குங்க."

"'ஆமாம், நீக்கவும்'னு தெளிவாச் சொல்லுங்கக்கா."

"ஆமாம், நீக்கவும்."

எங்கோ ஒரு சின்ன மணி ஒலித்தது. செல்வின் விசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் ஒருமாதிரி இழுத்தது. "அக்கா... ஒரு விஷயம். உங்க வீட்டுக்காரர் கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனாரு?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

செல்போன் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. "இந்த எண் எந்த வீட்டிலும் இல்லை." பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

அவள் ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. கதவில் பதித்திருந்த சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. "உங்கள் வீடு இப்போது பாதுகாப்பாக உள்ளது" என்றது. கீழே அவள் புகைப்படம் இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு.

"நான்தான்! பேச்சியம்மாள்! கதவைத் திற!"

"நீங்கள் இந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்ல" என்றது டப்பா. பதமான பெண்குரல், விளம்பரத்து நடிகையின் குரல் மாதிரியே இருந்தது. "காரணத்தைக் கேட்க விரும்புகிறீர்களா?"

அவள் விரும்பவில்லை. அது போட்டுக்காட்டியது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுகையும் ஆத்திரமுமாக அவளே கத்தின குரல். "நான் போறேன்! இந்த வீட்டுல இனிமே ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்! நான் போறேன்!"

அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தேனே, அதை யாரும் கேட்கவில்லையா? ஒன்றும் சொல்லாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளை எழுந்துவிடக்கூடாதே என்று பூனை மாதிரி உள்ளே வந்தேனே. சத்தமே போடாமல் வந்ததை அது எப்படிக் கேட்கும்? அடித்தவன் மரியாதையாகப் போயிட்டு வாரேன் என்றான், அவன் வீட்டு ஆள். அடிவாங்கினவள் அலறினாள், அவள் அந்நியம். இப்போது கொஞ்சம் முன்னால்கூட பேசிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தாள்! வெளியாள் சொல்லுகிற வாரேனுக்குக் கணக்கு இல்லை போலிருக்கிறது.

"ம்மா?" ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நறுமுகையின் முகம். "கதவு திறக்க மாட்டேங்குதும்மா. பெரியவங்க துணையில்லாம பிள்ளைங்க வெளிய போகக்கூடாதுங்குது."

கதவுத் திரையில் புது வரி ஓடியது. "நறுமுகை தனியாக இருக்கிறாள். அப்பாவுக்குத் தகவல் அனுப்பப்பட்டது. அப்பா வந்துகொண்டிருக்கிறார். வண்ணார்பேட்டை."

வண்ணார்பேட்டை என்றால் இதோ இருக்கிறது. பேச்சியம்மாள் எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சர் கேட்டுக்கு ஓடி மணியை அமுக்கினாள். மணி அடிக்கவே இல்லை. அங்கேயும் ஒரு டப்பா. பெயரில்லாத விரல் அமுக்கினால் அது ஏன் அடிக்கப்போகிறது? "டீச்சர்! டீச்சர்!" என்று கத்தினாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஒரு கல்லை எடுத்து வந்து தன் வீட்டுக் கதவின் பூட்டில் நாலு போடு போட்டாள். டப்பா அதே பதமான குரலில், "அந்நியர் ஒருவர் வாசலில் இருக்கிறார். பயப்படாதே நறுமுகை. அப்பா வந்துவிடுவார்" என்றது.

"அப்பா வாராராம்மா?" பிள்ளையின் குரல் மெலிந்துபோயிருந்தது.

திரையில் முருகன்குறிச்சி என்று மாறியது.

அவன் வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கதவு வாங்க என்று திறக்கும். அவன் உள்ளே போவான். கதவு மூடிக்கொள்ளும். அவள் வெளியே நிற்பாள், ஆள் என்ற கணக்கில்கூட இல்லாமல். பிள்ளை உள்ளே, அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

போறேன்னா போனவரு என்று செல்வின் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வீட்டுப் பிள்ளை தனியாக வெளியே போகக்கூடாது. சரி. முகி வீட்டுப் பிள்ளையே இல்லை என்றால்?

உடனே சொல்லிவிட அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பிள்ளையும் தன்னை மாதிரி ஆகிவிடுவாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்து கேட் திறக்காது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடையாது. இந்தத் தேசத்தில் அவளுக்கு ஒரு கதவும் இருக்காது. திரும்பச் சேர்க்கவேண்டுமென்றால் அவன் காலில்தான் போய் விழவேண்டும். ஒரு தாய் தன் பிள்ளைக்கு இதைச் செய்யலாமா? ஐயோ, எது செய்தாலும் பாவம்.

கதவுத் திரையைப் பார்த்தாள். நீலப்புள்ளி ஒன்று தெருமுனையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை புள்ளியாக இருந்தது அவன்.

"முகி, இங்க கேளு. செருப்பைப் போட்டுக்கோ. வாசல்படியில வந்து நில்லு."

"போட்டுட்டேன்."

"இப்ப சத்தமா, 'நான் போறேன்'னு சொல்லு."

பிள்ளை முழித்தாள். அவள் முழிப்பதிலும் நியாயம் இருந்தது. யூகேஜி படிக்கும்போது ஒருநாள் "போறேம்மா" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடப்பார்த்தவளை, இதே படியில் பிடித்து நிறுத்தி, "அப்படிச் சொல்லக்கூடாதுட்டி, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று சொல்லவைத்தபிறகுதான் பேச்சியம்மாள் விட்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

"சொல்லக்கூடாதுன்னு நீதானேம்மா..."

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்லச் சொல்லுதேன். சொல்லுட்டி என் தங்கம்!"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஈனசுரத்தில் கேட்டது. "நான் போறேன்."

"மீண்டும் வருவாயா, நறுமுகை?" என்று கேட்டது டப்பா. அன்றைக்கு அது கேட்டதிலேயே அன்பான கேள்வி அதுதான். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மாட்டேன்" என்றாள் நறுமுகை. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

"நன்றி. நீங்கள் வெளியே செல்லலாம்." பிள்ளைக்கு அதுவரைக்கும் நீயாக இருந்தது நீங்கள் ஆகிவிட்டது.

கதவு திறந்தது. பேச்சியம்மாள் மகளை அள்ளி இழுத்துக்கொண்டாள். கதவு மறுபடி மூடியபோது உள்ளே மேஜையில் வரைபடம் பாதிக் கலரோடு கிடந்தது, பக்கத்தில் பால் டம்ளர். குடையும் உள்ளேதான். மகள் தலையில் முந்தானையைப் போட்டு மூடி, மழையில் தெருவில் இறங்கினாள்.

வழக்கமாக அவர்கள் கிட்டே போனால் தெருவிளக்கு ஒவ்வொன்றாகப் பளிச்சென்று எரியும். இன்றைக்கு ஒன்றும் எரியவில்லை. இருட்டோடு இருட்டாகச் சுவரை ஒட்டி நடந்தார்கள்.

தெருமுனையில் கார் திரும்பியது. இசக்கிராஜின் கார்தான். ஓடி ஒளிய ஒரு சந்துகூட இல்லை. அவள் மகளை இறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். கார் மெதுவாக வந்தது. ஸ்டியரிங்கைக் கார் பார்த்துக்கொண்டது. அவன் முகத்தில் திரையின் நீல வெளிச்சம் அடித்தது. அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவன் திரையில் அந்தத் தெரு காலியாக இருந்திருக்கவேண்டும். கார் அவர்களை ஒரு கை தூரத்தில் கடந்து போனது. அவன் தலையே நிமிரவில்லை.

பின்னால் வீட்டு விளக்குகளெல்லாம் ஒன்றாக எரிந்தன. "வாங்க" என்று டப்பா சொல்லுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது. முதலில் தன்மையாக, பிறகு அவனுடைய நிஜக் குரலில்.

"அப்பா நம்மளப் பாக்கலையாம்மா?"

"பாக்கலட்டி. நட."

பிரதான சாலைக்கு வந்தபோது பிள்ளையின் அழுகை அடங்கி விக்கலாகியிருந்தது. நிற்காமல் நடந்துகொண்டே, தன் சின்ன மண்டைக்குள் இவ்வளவு நேரமும் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"இனிமே எங்கயாவது கிளம்பும்போது என்ன சொல்லணும்மா? போறேன்னா, வாரேன்னா?"

பேச்சியம்மாள் ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தாள். சாலையின் ரெண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலின் தலைமேட்டிலும் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது.

மகளின் காதோடு குனிந்து, "ஒண்ணும் சொல்லாம வா" என்றாள்.